முதலில் குதிரை

"நாளைக்கு எனக்கு வெள்ளைக்காய் வேணும் சார்."

நான் கத்தவில்லை. செஸ் பலகையில் காய்களை அடுக்கிக்கொண்டே கேப்டனைப் பார்த்துச் சொன்னேன். கீழே ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

முதலில் வாய் திறந்தவர் வக்கீல். "கேட்டீங்களா டாக்டர்? செவுரு பேசுது."

பல் டாக்டர் சிரித்தார். செவுரு என்றால் நான். கறுப்புக்காயை வைத்துக்கொண்டு நகராமல் நின்று, ஆட்டத்தை டிரா செய்து கொடுப்பவள் என்பதால் அந்தப் பெயர். பாராட்டு என்றுதான் வைத்தார்கள். ஒரு வருடம் நானும் பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

இந்தக் கிளப்பில் யாரும் நிறம் கேட்கக் கூடாது. சேர்ந்த அன்றே கேப்டன் அதைச் சொன்னார். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் நின்று படித்து, நாலு கேள்வி கேட்டிருப்பேன். டீம் மேட்சில் நாலு பலகை. டாஸ் ஜெயித்தால் ஒன்றாவது பலகைக்கும் மூன்றாவது பலகைக்கும் வெள்ளை எடுப்போம். நான் நாலாவதில் இருப்பேன். டாஸ் தோற்றால் இரண்டுக்கும் நாலுக்கும் வெள்ளை வரும்; அன்றைக்குக் கேப்டன் மூன்றில் ஆடும் தன் அக்கா பையனை நாலுக்கு மாற்றிவிட்டு என்னை மூன்றில் உட்கார வைப்பார். டாஸ் எப்படி விழுந்தாலும் கறுப்பு என் பக்கம் விழும். இந்த சீசன் முழுக்க நான் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கி வைக்கவில்லை. யாரோ தொடங்கியதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாளை லீக்கின் கடைசி மேட்ச்.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு மருந்துக்கடை. கோபம் வந்தாலும் மாத்திரை எண்ணுவது போல நிதானமாகத்தான் பேசுவார். "வெள்ளை குடுத்தா என்ன ஆடுவே?"

"அதைத்தான் நாலு மாசமா யோசிச்சிருக்கேன்."

"என்னது, நாலு மாசமா?" என்றார் வக்கீல். "ராஜா சிப்பாயை ரெண்டு கட்டம் தள்றதுக்கு நாலு மாசமா?"

அதுதான் விஷயம். இந்த அறையில் வெள்ளை என்றால் ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போகும். இருபது வருடமாக எல்லோருக்கும் அதேதான். அதற்குப் பின்னால் வரும் கிளைப்பாதைகளை அவர்கள் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள். வக்கீலுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தாராம். நான் காயைத் தொட்டதே கல்லூரி விடுதியில், பத்தொன்பது வயதில். டிவி ரிப்பேர் ஆனதால் பொழுதுபோக்கக் கீழே இறக்கி வைத்த பழைய பலகை அது. ஒரு யானை காணாமல் போய், அந்த இடத்தில் தைல டப்பா நின்றது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் அம்மா, விடுதியில் கொண்டுவந்து விட்டபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "குடுத்தா வாங்கிக்க. நீயா போய் எதையும் கேட்டுடாதே. அப்புறம் குடுத்ததையும் புடுங்கிப்பாங்க." அம்மாவும் கேப்டனும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இருவரும் ஒரே வாத்தியாரிடம் படித்தது போலப் பேசுவார்கள்.

நடுவில் இறங்கிச் சண்டை போட்டால் மனப்பாடம் செய்தவன்தான் ஜெயிப்பான். இருபதாவது நகர்த்தல் வரைக்கும் அவன் வீட்டிலேயே ஆடி முடித்துவிட்டு வந்திருப்பான். நான் ஐந்தாவதில் வியர்த்துக்கொண்டிருப்பேன். அதனால் ஓரத்திலிருந்து ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன். நடுவை எதிராளி பிடிக்கட்டும், பிடித்ததைக் காப்பாற்ற அவன் பாடுபடட்டும், நான் பக்கத்திலிருந்து கொறிக்கிறேன். அந்த ஓரத்திலும் வழி ஒன்றல்ல.

முதலில் ராஜாப்பக்க மந்திரிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைத் தள்ளிப் பார்த்தேன். பார்க்க வீரமாக இருந்தது. ஆனால் என் ராஜாவின் வீட்டுக் கதவை நானே கழற்றி வைத்த மாதிரி ஆயிற்று. கம்ப்யூட்டரில் முகம் தெரியாத ஆட்களிடம் வரிசையாக அடி வாங்கினேன். அடுத்தது, ராணிப்பக்கக் குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, பின்னால் மந்திரியை உட்கார வைப்பது. எனக்கு ரொம்பப் பிடித்தது. பிடித்ததற்காகவே இரண்டு வாரம் கூடுதலாக அதிலேயே கிடந்தேன். ஆனால் எதிராளி நடுவில் கல் போலச் சிப்பாய்களை நட்டுவிட்டால் மந்திரி ஜன்னலுக்குள்ளிருந்து தெருவைப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ராணிப்பக்க மந்திரிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது ஒன்று. ராஜாப்பக்கக் குதிரையை வெளியே கொண்டுவருவது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச்சேரும். ஆனால் வரிசை முக்கியம். சிப்பாயை முதலில் தள்ளினால் எதிராளி உடனே தன் ராஜா சிப்பாயை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். குதிரை முதலில் வந்தால், அந்த நடுக்கட்டத்தைக் குதிரை பார்த்துக்கொண்டிருக்கும். அவன் வர முடியாது. வேறு ஏதாவது யோசித்தாக வேண்டும்.

இஸ்திரி மேஜையில் பிளாஸ்டிக் பலகையை விரித்து இதையெல்லாம் நகர்த்திக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள், "எல்லாரும் நடு ரோட்டுலதானே போறாங்க? உனக்கு மட்டும் என்ன சந்து?"

"நடு ரோட்டுல போறவங்க பொறந்ததுலருந்து வண்டி ஓட்றாங்கம்மா."

"சந்துல போனா மட்டும் சீக்கிரம் போயிடுவியா?"

"லேட்டாத்தான் போவேன். போய்ச் சேந்துடுவேன்."

"அந்தப் பலகையை நகத்து. சட்டை தேய்க்கணும்."

இதையெல்லாம் கேப்டனிடம் சொல்லவில்லை. "குதிரை" என்று மட்டும் சொன்னேன். "முதல்ல ராஜாப்பக்கக் குதிரை."

"அப்புறம்?"

"அப்புறம் ஓரத்துல மந்திரி. கோட்டை கட்டுவேன். அதுக்கப்புறம் ராணிப்பக்கம்."

"கோட்டை கட்டிட்டு உள்ள படுத்துத் தூங்கிடு" என்றார் வக்கீல். அவருடைய போன் அடித்தது.

கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரிம்மா. வெள்ளை கேக்கறவங்க ஆடிக் காட்டணும். வக்கீலோட ஒரு ஆட்டம் ஆடு. நான் பாக்கறேன்."

கடிகாரத்தை வைத்தார். வக்கீல் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ கட்சிக்காரர். "வாய்தாதான் வாங்கியிருக்கேன், பதறாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, ஆரம்பி என்று கையை ஆட்டினார்.

நான் குதிரையை எடுத்து வைத்தேன். கடிகாரத்தை அழுத்தினேன்.

கடிகாரச் சத்தம் கேட்டதும் வக்கீலின் கை தானாக நீண்டது. ராஜா சிப்பாய். இரண்டு கட்டம். டக்கென்று வைத்துக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டு, "ஆமா, அடுத்த மாசம்தான்" என்றார் போனில்.

அவருடைய சிப்பாய் நேராக என் குதிரையின் வாய்க்குள் வந்து நின்றது. காவல் இல்லை, ஒன்றும் இல்லை.

பல் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தொழிலில் மற்றவர்கள் வாயைத் திறந்துதான் அவருக்குப் பழக்கம்.

நான் சிப்பாயை வெட்டினேன். கடிகாரத்தை அழுத்தினேன்.

வக்கீல் போனை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். "இது எப்ப இங்க வந்துச்சு?"

"நீங்க வைக்கறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு சார்."

"அட, நீ வழக்கமா..."

"வழக்கமா எனக்கு வெள்ளையே வராது சார். நான் வழக்கமா என்ன வைப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேப்டன் குனிந்து என் குதிரையைத் தூக்கப் போனார். "அதைத் திருப்பி வெச்சுக்கலாம். அவர் பாக்கலை. பழகற ஆட்டம்தானே."

நான் குதிரையின் மேல் கை வைத்தேன். சேர்ந்த முதல் மாதம், இதே மேஜையில், யானையைக் கட்டத்துக்குள் சரியாக நடுவில் வைக்கலாமென்று தொட்டேன். அதை நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றார்கள். நகர்த்தினேன், ராணி போயிற்று. அதுவும் பழகுகிற ஆட்டம்தான்.

"தொட்ட காய் நகரணும், வெச்ச காய் வெச்சதுதான்" என்றேன். "கூண்டுல ஏறிச் சொன்ன சாட்சி மாதிரின்னு வக்கீல் சார்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தார்."

வக்கீல் என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். அவரிடம் ஒரு நல்ல குணம், தோற்கிற வாதத்தைப் பிடித்துத் தொங்க மாட்டார். "விடுங்க கேப்டன். சொன்னேன், ஒத்துக்கறேன். ஒரு சிப்பாய்தானே, இவளை அப்படியே சாப்பிட்டுடறேன்."

சாப்பிடப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, வக்கீல் நல்ல ஆட்டக்காரர். அந்தச் சிப்பாயை வெட்ட நான் செலவழித்த நேரத்தில் அவர் குதிரை, மந்திரி, ராணி என்று எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். என் ராஜாவைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் ஓர மந்திரியை வைத்து, கோட்டை கட்டி, ஒவ்வொரு அடியையும் வாங்கினேன். ஒரு வருடமாகக் கறுப்பில் செய்த வேலை அதுதானே, கைக்குப் பழகியிருந்தது. அவருடைய மிரட்டல் ஓய்ந்தபோது ராணிப்பக்கச் சிப்பாய்களை ஒரு கட்டம், இன்னொரு கட்டம் என்று ஏற்றினேன்.

"என்ன செய்யறே?" என்றார் வக்கீல்.

"ஒண்ணுமில்லை சார்."

"அதான் பயமா இருக்கு."

அதில் ஒரு சிப்பாய் அவருடைய சிப்பாயோடு மோதி வழி திறந்ததும், அதுவரை மூலையில் அமைதியாக இருந்த மந்திரிக்குப் பலகையின் மறுகோடி வரை தெரிந்தது. அங்கே அவருடைய யானை நின்றது. வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார். பிறகு ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார். "நல்லா ஆடினே."

நான் பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் பார்க்கிறவள். வெள்ளையில் மட்டும் முப்பதுக்கு மேல் வைத்திருக்கிறோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு வெள்ளையை எனக்கென்று வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் பெட்டியில் காய்களைப் போட்டு முடிக்கும் வரை நீடித்தது.

"இதைக் கணக்குல எடுத்துக்க முடியாதும்மா" என்றார் கேப்டன். "சிப்பாய் இனாமா கிடைச்ச ஆட்டம்."

நான் பெட்டியை மூடினேன்.

"ஆனா ஒண்ணு, உன்கிட்ட தைரியம் இருக்கு. அதனால நாளைக்கு உனக்கு வெள்ளை தரேன்." நிறுத்தினார். நான் நன்றி சொல்வதற்கு இடம் விட்டார் போல. "ஆனா நம்ம கிளப் ஆட்டம்தான் ஆடணும். ராஜா சிப்பாய். இன்னிக்கு உக்காந்து டாக்டர்கிட்ட நாலு வழி கேட்டுக்க."

"எதுக்கு சார்?"

"இருபது வருஷமா நாம நேரா போய் மோதற டீம். எதிராளி நம்மளைப் பாத்தா பயப்படணும். ஓரத்துல ஒதுங்கிக் கொறிச்சா என்ன நினைப்பான்?"

ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது. தலையாட்டினால் போதும். நாளைக்கு வெள்ளைக்குப் பின்னால் உட்காரலாம். ஆனால் உட்கார்ந்ததும் ஐந்தாவது நகர்த்தலில் வியர்ப்பேன், தோற்பேன், "அதான் இவளுக்குக் கறுப்பு" என்று அடுத்த சீசன் முழுக்கச் சொல்வார்கள். முதல் நகர்த்தல் அவருடையது என்றால், எனக்குக் கொடுப்பது நாற்காலியைத் தவிர வேறென்ன?

"சார்" என்றேன். "வக்கீல் சார் சிப்பாயை இனாமா தரலை. இருபது வருஷமா ஒரே நகர்த்தலைப் பாத்துப் பாத்து, கண்ணு முன்னாடி குதிரை நிக்கறதே அவருக்குத் தெரியலை. நாளைக்கு வர்றவங்களும் அப்படி இருந்தா நமக்கு லாபம். நீங்க அந்தக் குதிரையைக் கட்டிப் போடச் சொல்றீங்க."

"வார்த்தையை அளந்து பேசும்மா."

"அளந்துதான் பேசறேன். அளக்காம பேசியிருந்தா போன வருஷமே பேசியிருப்பேன்."

பல் டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "குதிரையே ஆடட்டுமே கேப்டன்..."

"கேப்டன் யாரு டாக்டர்?"

டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

மாடிப்படிச் சுவரில் தனிநபர் ஓப்பன் போட்டிக்கான நோட்டீஸ் ஒரு மாதமாக ஒட்டியிருந்தது. நாளைக்குத்தான் ஆரம்பம், பெயர் கொடுக்க இன்று இரவு கடைசி. ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துக்கொண்டே ஏறி, டீம் மேட்ச் இருக்கிறதே என்று பேசாமல் இருந்தேன். அங்கே நிறத்தைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். ஒரு ஆட்டம் வெள்ளை, ஒரு ஆட்டம் கறுப்பு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதல் நகர்த்தலை யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

போனை எடுத்தேன். பெயர் கொடுத்தேன். பதிந்தாயிற்று என்று வந்தது. அதுவரை மூவரும் நான் டாக்டரிடம் கேட்கப்போகும் நாலு வழிகளுக்காகக் காத்திருந்தார்கள்.

"நாளைக்கு நான் ஓப்பன் ஆடப் போறேன் சார். நாலாவது பலகைக்கு ஆள் பாத்துக்குங்க. நீங்களே உக்காரலாம். கறுப்பு ஒண்ணும் அவ்வளவு கஷ்டமில்லை. அடி விழும், வாங்கிக்கணும்."

கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. "கேட்டதைக் குடுத்துட்டேனேம்மா."

"பாதிதான் குடுத்தீங்க சார்."

பையிலிருந்து கிளப் சாவியை எடுத்தேன். அறையைத் திறந்து, பெருக்கி, காய் அடுக்கி வைக்கிற சாவி. அதையும் கௌரவம் என்று சொல்லித்தான் என்னிடம் தந்திருந்தார்கள். டாக்டரின் கையில் கொடுத்தேன். "காலையில குடிக்கற தண்ணி வரும். யாராவது சீக்கிரமா வந்து திறந்து விடுங்க."

வக்கீல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அவர் குரலில் கேலி பாதிதான் இருந்தது. "செவுரு நடந்து போகுது. கூரையை யாருய்யா புடிக்கறது?"

நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.