வீட்டுக்கு ஒரு கையெழுத்து

அந்த நோட்டின் அட்டை பச்சையா நீலமா என்று இப்போது நினைவில்லை. அவள் சொன்ன வார்த்தைகளையும் நான் சரியாகத்தான் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம். ஆனால் அவள் பெயரின் மேல் கோடு கிழித்தது என் கை. அதில் சந்தேகமில்லை.

ஊருக்குக் கிழக்கே நிலக்கரி மின் நிலையம் வரப்போவதாக அறிவிப்பு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆட்சேபணை மனுவை எழுதியவள் மோட்டார் மெக்கானிக்கின் மனைவி. தெருவில் அவள் எழுத்துதான் முத்துமுத்தாக இருக்கும். தையல் கம்பெனியில் பகலெல்லாம் மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, நான்கு பக்க மனுவை ஆறு படி எடுத்திருந்தாள். எந்த மாதம் எந்தப் பக்கத்துக் காற்று சாம்பலைக் கொண்டுவரும் என்றுகூட அதில் இருந்தது. அவளுடைய ஏழு வயது மகளுக்கு மூச்சு இழுப்பு. காற்றைப் பற்றி அந்த வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சைக்கிள் கடைக்காரன், தெரு சங்கத்தின் செயலாளர். கையெழுத்து நோட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மெக்கானிக் போட்டுவிட்டுப் பேனாவை மூடப்போனான். அடுப்படியிலிருந்து வந்தவள் அதை வாங்கி, அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

"ஏய், என்ன பண்றே?"

"நானும் போடறேன்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

எங்கள் தெரு வழக்கம் அப்படி. வீட்டுக்கு ஒரு கையெழுத்து, அது ஆணுடையது. பெண் கையெழுத்துப் போட்டால் அது ஆண் இல்லாத வீடு. நோட்டில் அப்படி நான்கு பேர் இருந்தார்கள்.

"இவ்வளவையும் எழுதினது நான்தானே? அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலியே."

"போர்டு எழுதறவன் கடைக்கு முதலாளி ஆயிடுவானா?"

தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. புகை என்ன, வீட்டுக்கு ஒரு மூக்குலதான் போகுமா?"

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், யாரும் நகரவில்லை. உள்ளே குழந்தை இருமியது.

"அடிச்சிருங்கண்ணே. பாக்கவே அபசகுனமா இருக்கு," என்றான் அவன்.

ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன்.

ஆட்சேபணை விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அதிகாரி கெட்டவர் இல்லை. மின்விசிறியைப் பெண்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். பிறகு தாளைப் பார்த்துப் படித்தார். வயது வந்தோர் அறுநூற்றுப் பதினொன்று. ஆட்சேபித்தவர்கள் இருநூற்று நான்கு. மற்றவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

"சார், அது வீட்டுக்கு ஒண்ணு!" என்று மெக்கானிக் கத்தினான்.

"அப்படி யாரு சொன்னா?" அதிகாரிக்கு உண்மையாகவே புரியவில்லை. "ஆளுக்கு ஒண்ணு போட்டிருக்கலாமே."

பின்வரிசையில் அவள் எழுந்தாள். "நான் போட்டேன் சார்."

அவர் நோட்டைப் புரட்டினார். "இதுவா? அடிச்சிருக்கும்மா."

"அடிச்சது நான் இல்ல."

"பின்னே யாரு?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"யாரா இருந்தா என்ன சார். எனக்கு ஆட்சேபணை இருக்கு. எழுதிக்குங்க."

"நேரம் முடிஞ்சிருச்சும்மா."

அவள் உட்காரவில்லை. அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் எழுந்தார்கள். அவர் கோப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பும்வரை அப்படியே நின்றார்கள்.

மின் நிலையம் வந்தது. அதிகாரி மாற்றலாகிப் போனார். மெக்கானிக் வீட்டில் மகளை மூச்சுக்காக வேறு ஊரில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் அங்கேயே வளர்ந்து அங்கேயே இருந்துவிட்டாள். மெக்கானிக்குக்கு மின் நிலையத்திலேயே பம்பு பார்க்கும் வேலை கிடைத்தது. ஒன்பதாம் வருஷம் நெஞ்சுச் சளியோடு படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நான் கடையை மூடிவிட்டேன். சங்கத்தில் மட்டும் இன்னும் இருக்கிறேன்.

போன மாதம் இரண்டாவது உலைக்கு அறிவிப்பு வந்தது. புது நோட்டோடு முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனேன். பேனாவை வாங்கி, முதல் வரியில், நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.

தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கப்படி, இப்போது அவள் போடலாம்.