கால் மாத்திரை

1

இந்தக் கதை ஒரு மருந்துக்கடை வரிசையில் பிறந்தது. கவனம் சிதறும் என் மனசுக்கான மாத்திரையின் அளவை மருத்துவர் மூன்றாம் முறையாக மாற்றி எழுதியிருந்தார். முதல் அளவு போதவில்லை. இரண்டாவது என்னைத் தூங்க விடவில்லை. நின்று நின்று கால் வலித்தபோது, இதே மனசோடு ஒரு பெண் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தேன். அப்போது இதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

2

முதல் தொடக்கம்: "1943. பிரிக்ஃபீல்ட்ஸ் வானத்தில் விமானங்கள்..."

வேண்டாம். விமானத்தில் தொடங்கினால், கதைக்குள் நேசம்மா வந்து சேர ஒரு பக்கம் ஆகும்.

மறுபடி. நேசம்மாவுக்கு முப்பத்தொரு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் அரிசிப் பங்கீட்டு அலுவலகத்தில் பெயர்ப்பட்டியல் எழுதும் வேலை. கையெழுத்து அழகு. ஆனால் வெளியே ஒரு சைக்கிள் மணி கேட்டால் போதும், பேனா நின்றுவிடும். திரும்பி வரும்போது இரண்டு வரி தாண்டியிருக்கும். அப்படித் தாண்டியதில் ஒருமுறை சீதாலெட்சுமி விடுபட்டாள்.

"அக்கா, என் பேரே இல்லங்கிறாங்க. வீட்டுக்காரரச் சயாமுக்குக் கொண்டு போயிட்டாங்க. பிள்ளைங்க பத்து நாளா மரவள்ளிதான் தின்னுதுங்க."

(ஜப்பான்காரன் ஆட்களைப் பிடித்துப்போய்ப் போட்ட சயாம் ரயில்பாதை பெரிய கதை. அதை ஒரு வரியில் தாண்டிப் போவது உறுத்துகிறது. எடுத்துவிடவும் மனமில்லை.)

நேசம்மா தன் வீட்டு அரிசியில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த பட்டியலில் பெயரைச் சேர்த்தாள். இன்னொரு பெயர் விடுபட்டால் வேலை போய்விடும் என்றார் மேலதிகாரி.

3

கணவன் முத்துக்குமாரு மருத்துவமனையில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். முதல் வரைவில் அவனை எரிந்து விழுகிறவனாக எழுதினேன், அது சுலபம். ஆனால் அப்படிப்பட்டவன் மனைவியின் நாடியைப் பிடித்துப் பார்த்துக் குறிப்பு எழுதுவானா? அந்த வரிகளை அடித்துவிட்டேன்.

ஜப்பான் சண்டை வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்கார டாக்டர் பென்சிட்ரின் என்ற மாத்திரைப் புட்டி ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தார். அடங்காமல் அலையும் பிள்ளைகள் இதைச் சாப்பிட்டு உட்கார்ந்து படித்ததாக மருத்துவ இதழில் வாசித்ததையும் சொல்லியிருந்தார்.*

"உமக்கும் அந்தக் குணம்தான். ஒருக்காப் பாப்பமே?" என்றான் முத்துக்குமாரு.

"எனக்கு விசரெண்டு நினைக்கிறியளோ?" பைத்தியம் என்கிறானோ என்று அவளுக்குப் பயம்.

"விசரில்லை. உம்மட மனம் முன்னால ஓடுது, கை பின்னால நிக்குது. அவ்வளவுதான்."

* மருந்து அப்போது உண்மையிலேயே இருந்தது. டாக்டரும் புட்டியும் என் கற்பனை.

4

முழு மாத்திரை: பட்டியல் மதியத்துக்குள் முடிந்தது. வீட்டுக்கு வந்தும் கை நிற்கவில்லை. இருந்த பாத்திரத்தையெல்லாம் தேய்த்தாள். சோறு இறங்கவில்லை, பேச்சு ஓயவில்லை, நெஞ்சு படபடத்தது. முத்துக்குமாரு பயந்துபோய் இரண்டு நாள் மருந்தை நிறுத்தினான்.

அரை மாத்திரை: காலை நன்றாகப் போனது. மூன்று மணிக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. "ஆரோ என்ர கதிரையில இருந்து எழுதினமாதிரிக் கிடக்கு" என்றாள். தன் நாற்காலியில் அவள் இல்லையாம்.

(இது என் வரி. அவளுக்குக் கொடுத்துவிட்டேன். எழுதியபின் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன்.)

கால் மாத்திரை, சாப்பிட்ட பிறகு: சைக்கிள் மணி கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். விட்ட வரிக்கே திரும்பி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஒரு பேரும் விடேல்லை. பசியும் எடுக்குது!"

முத்துக்குமாரு நாடி பார்த்தான். குறிப்பில் "சரி" என்று மட்டும் எழுதினான். இரண்டு வாரத்தில் சீதாலெட்சுமி அலுவலக வாசலுக்கு வந்து, "இந்தத் தடவையும் அரிசி கெடச்சிடுச்சுக்கா" என்றாள். நேசம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

5

இனி முடிவு. புட்டி தீரும், சண்டை அதைவிட நீளம். ஒரு வரைவில், மருந்து தீர்ந்த வாரமே அவளுக்கு வேலை போனது. இன்னொன்றில், ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு எழுதப் பழகிக்கொண்டாள். இரண்டும் நடக்கக்கூடியவைதான். எனக்கு எதையும் தேர்ந்தெடுக்க மனமில்லை. புட்டி தீர்வதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அன்று வேலை இல்லை, மாத்திரையும் போடவில்லை. நேசம்மா மரவள்ளியை அடுப்பில் வைத்துவிட்டுக் கீரை பறிக்கப் போனாள். கீரையை மறந்து பக்கத்து வீட்டு இராஜம்மாவோடு பேச நின்றுவிட்டாள்.

"கிழங்கு எரியுதப்பா!" வீட்டுக்குள்ளிருந்து முத்துக்குமாரு அவளைக் கூப்பிட்டான்.

"தெரியும், வாறன்!"

அவள் வரவில்லை. முத்துக்குமாரு சிரித்துக்கொண்டே சட்டியை இறக்கி, கருகாத பக்கத்தைச் சுரண்டி இரண்டு தட்டில் போட்டான்.

மாத்திரை தீர்ந்த நாளை நீங்கள்தான் எழுத வேண்டும். அவசரமில்லை. அவர்கள் முதலில் சாப்பிடட்டும்.