பக்கத்து சீட்டு பெல்ட்

தெமிர்கானுக்கு விஷயம் தெரிய வந்தது ஒரு மணிச்சத்தத்தால்தான்.

வாதி அஸ்ஸீர் ஊரில் கார் வயரிங் என்றால் தெமிர்கான். இன்ஜினை இறக்குகிறவன், ஏற்றுகிறவன் எல்லாம் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஏற்றின இன்ஜினும் பழைய வண்டியும் ஒன்றோடொன்று பேச வேண்டுமே, அதைப் பேச வைக்கிற ஆள் அவர் ஒருவர்தான். அந்த வாரம் அவர் பட்டறையில் நின்றது யனாலின் வண்டி. இருபத்தெட்டு வயசான கிழட்டு ஸ்போர்ட்ஸ் கார். அதன் வயிற்றில் போன மாதம்தான் புது இன்ஜின் இறங்கியிருந்தது. புது இன்ஜினோடு அதன் கம்ப்யூட்டரும் வந்தது, கம்ப்யூட்டரோடு அதன் நச்சரிப்பும் வந்தது. பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்ந்து பெல்ட் மாட்டாவிட்டால் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

"உஸ்தா, அந்த மணியை மட்டும் சாகடிச்சுடுங்க," என்றான் யனால். "பெல்ட் சென்சார் வயர் ரெண்டையும் சேத்து முறுக்கிவிட்டா போதும். பெல்ட் எப்பவும் மாட்டியிருக்குன்னு நெனச்சுக்கும். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க."

"மணி உன்னை என்னடா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல உஸ்தா. வியாழக்கிழமை சாயங்காலம் சத்தம் இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்."

"வியாழக்கிழமை என்ன விசேஷம்?"

பையன் முகம் தக்காளியாகச் சிவந்துபோனது. "சும்மாதான். எங்க சித்தி பொண்ணு ஆஸ்யாவை வெளிய கூட்டிட்டுப் போறேன். பின் சீட்டுல அவ உக்கார இடம் பத்துமா?"

சித்தி பெண்ணைப் பின்னால் திணித்துவிட்டு முன்னால் யாரை உட்கார வைக்கப் போகிறாய் என்று தெமிர்கான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு வாரமாக மதியச் சாப்பாட்டை மகள் திஜான் தன் கையாலேயே பட்டறைக்குக் கொண்டுவருவதும், கொண்டுவந்தவள் அந்தக் கிழட்டு வண்டியையே சுற்றிச் சுற்றி வருவதும் அவர் கண்ணில் படாமலா இருந்தது?

முன் சீட்டு காலி, பின் சீட்டில் சொந்தக்காரப் பெண், வியாழக்கிழமை சாயங்காலம். எங்கள் சர்க்காசிய ஜனத்தில் இந்த மூன்றையும் கூட்டி விடை சொல்லத் தெரியாதவன் வடிகட்டின முட்டாள். பெண்ணும் பையனும் பேசி முடிவெடுத்துவிட்டால் பையன் வண்டியோடு வருவான். துணைக்கு அவன் வீட்டுப் பெண் ஒருத்தி கூட வர வேண்டும், அதுதான் மரியாதை. பெண்ணைக் கொண்டுபோய் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் விடுவார்கள். பெரியவர்கள் அன்றைக்கே பெண்வீட்டுக்கு வருவார்கள், அப்பா ஆத்திரப்படுவார், சமாதானம், கல்யாணம். இதில் அப்பாவுக்கு இருப்பது ஒரே ஒரு வேலைதான். அவருக்கு ஒன்றும் தெரியக்கூடாது. வண்டியில் மகள் உட்கார்ந்திருப்பதை அவர் நேரில் பார்த்துவிட்டால் கையைப் பிடித்து இறக்கியே ஆக வேண்டும். அதோடு அந்தச் சம்பந்தம் முறிந்தது. பிறகு அந்தப் பையன் அந்தத் தெருப்பக்கமே தலை வைத்துப் படுக்க முடியாது.

தெமிர்கானுக்கு யனாலைப் பிடிக்கும். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பையன், பொய் சொல்லத் தெரியாத பையன். ஆக்சிலேட்டரில் கால் வைத்தால் மட்டும் எடுக்கத் தெரியாது. அதுதான் அவருக்குப் பயம்.

காரணம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் இப்படித்தான் இரவல் பிக்கப் வண்டியில் ஜாந்தினாவைக் கூட்டிக்கொண்டு போனார். இறக்கத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். அவள் நெற்றி கண்ணாடியில் மோதி, புருவத்துக்கு மேலே நாலு தையல். ரத்தம் வழிய வழியத்தான் பெரியவர் வீட்டுப் படியேறினாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே மண்டையை உடைச்ச மகராசன்" என்று அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு மட்டும் இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

புதன்கிழமை பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வண்டிக்கடியில் படுத்தார். பழைய வண்டிக்கு வாய் கிடையாது. புது கம்ப்யூட்டரைப் பேச வைக்க ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஓட்டை உள்ள சாக்கெட் ஒன்று வைத்தாக வேண்டும். என்ன கோளாறு என்று அதில் கருவியைச் சொருகிக் கேட்டால் சொல்லிவிடும். அதற்குப் போகிற இரண்டு வயர்களையும் கடைசிவரை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போனார். பிரித்துவிட்டால் ஊர்ச்சத்தமெல்லாம் உள்ளே புகுந்துவிடும்.

பிறகு பெல்ட்டுக்கு வந்தார். டிரைவர் சீட்டில் பெல்ட் மாட்டுகிற பக்கிளுக்குள் வெறும் நாக்கு ஒன்று சொருகியிருந்தது. பெல்ட்டே இல்லாமல் கம்ப்யூட்டரை ஏமாற்றுவதற்குச் சந்தையில் விற்கிறானே, அந்தக் கருமம்தான். "அடப்பாவி!" என்று பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து சீட்டு வயரை முறுக்கிவிடச் சொன்னான் அல்லவா? முறுக்கவில்லை. ஸ்டார்ட்டருக்குப் போகிற வயரை வெட்டி, சீட்டு சென்சாரோடும் பெல்ட் சென்சாரோடும் கோத்துவிட்டார். பக்கத்து சீட்டு காலியாக இருந்தால் வண்டி எப்போதும்போல் கிளம்பும். ஆள் உட்கார்ந்துவிட்டால், பெல்ட் மாட்டினால்தான் கிளம்பும். கடைசியாகத் தன்னுடைய சிவப்பு டேப் ஒட்டிய ப்ளூடூத் கருவியைச் சாக்கெட்டில் சொருகினார். வண்டி பேசுவது இனி அவர் போனில் தெரியும்.

யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? ஏழு வயசிலிருந்து திஜான் பெல்ட் மாட்டாமல் அவர் சாவியைத் திருப்பியதே கிடையாது. தன் பெண் மறக்க மாட்டாள் என்று திடமாக நம்பினார்.

அன்று சாப்பிடும்போது, முப்பது வருஷத்தில் ஒருநாளும் வண்டியைப் பற்றிப் பேசாத ஜாந்தினா கேட்டாள்: "அந்தப் பையன் வண்டி முடிஞ்சுதா?"

"எந்தப் பையன்?"

"யாரோ ஒரு பையன். எனக்கென்ன தெரியும்?"

"முடிஞ்சுது. பத்திரமான வண்டி."

"நாளைக்குக் கடையில எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"பொழுது சாஞ்சு மஃரிப் வரைக்கும்."

"நல்லது. முன்னாடியே வந்து நிக்காதீங்க. வீடு கழுவறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவரும் ஒரு பூசணிக்காயை மறைத்துக்கொண்டு சாப்பிட்டார். திஜான் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு மேல் அவரால் பட்டறையில் உட்கார முடியவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாகத் தன் வீட்டுக்குள் தானே திருடனாக நுழைந்தார். தெருவைப் பார்த்த சின்ன ஜன்னல் உள்ள சாமான் அறையில், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். ஜன்னல் திரையைத் தொடவில்லை. பார்த்தால்தானே தப்பு? போன் இருக்கிறது.

வண்டி வந்தது. அந்த இன்ஜினின் உறுமல் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்று பயந்து, யனால் வாசலுக்கு வந்ததும் அணைத்துவிட்டான். போனில் தெரிந்தது: பக்கத்து சீட்டு காலி. கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு திறந்தது. காலடிச் சத்தம், விசும்பல், கார்க்கதவு. போன் சொன்னது: சீட்டில் ஆள். பெல்ட் இல்லை.

"மாட்டு கண்ணு," என்று முணுமுணுத்தார்.

டக். ஸ்டார்ட்டர் எடுக்கவில்லை. மறுபடியும் டக்.

"வேற நேரம் கிடைக்கலியா இதுக்கு?" என்று வெளியே யனாலின் குரல் கேட்டது.

"மெதுவா பேசு! அம்மா கொடுத்த ஹலீவா கொட்டிடும்," என்றாள் திஜான், அழுகையும் சிரிப்புமாக. மடியில் சுடச்சுடப் பலகாரத் தட்டு. ஒரு கை தட்டில், ஒரு கை கண்ணைத் துடைக்க. பெல்ட் எங்கிருந்து ஞாபகம் வரும்?

"முட்டி என் காது வரைக்கும் வந்துடுச்சு, சீக்கிரம்டா," என்று பின்னாலிருந்து ஆஸ்யா முனகினாள்.

டக். டக். எதிர்வீட்டு அபூ கல்தூன் செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயோடு வெளியே வந்தார். "என்னப்பா, கிளம்பலியா? தள்ளட்டுமா?"

"வேண்டாம் மாமா, வேண்டாம்!"

"அட, தெமிர்கான் வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு ஏன் தவிக்கிற? இப்பதான் அந்தாளு பின்பக்கமா உள்ள போனதைப் பாத்தேன். இரு, கூப்பிடறேன்."

திஜான் தட்டுக்கு மேல் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அபூ கல்தூன் வந்து வீட்டு வாசல் கதவை இடித்தார். உள்ளே தெமிர்கானுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வெளியே போனால் மகளைத் தன் கையாலேயே இறக்க வேண்டும். போகாவிட்டால் வண்டி நகராது, தெருவே கூடிவிடும். தான் போட்ட வயர், தன் பெண்ணின் வாழ்க்கையையே வாசலில் நிறுத்திவைத்திருக்கிறது!

சாமான் அறைக் கதவைத் திறந்தார். நடையில் ஜாந்தினா உறைந்து நின்றாள்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"நான் வரவே இல்ல. பெல்ட்டு!"

"உங்க பெல்ட்டுக்கு இப்ப என்ன? பேண்ட் நல்லாத்தானே நிக்குது?"

"அவளோட பெல்ட்டுடி! பெல்ட் மாட்டினாத்தான் வண்டி கிளம்பும். நான்தான் அப்படிப் போட்டேன். ஓடு!"

ஜாந்தினாவுக்கு என்ன புரிந்ததோ, கை தானாகப் போய்ப் புருவத்தின் மேலிருந்த தழும்பைத் தொட்டது. அப்புறம் ஓடினாள்.

"அவர் வீட்டுல இல்ல, அபூ கல்தூன். நீங்க பாத்தது வேற யாரையோ. போங்க, செடி தண்ணியில மெதக்குது," என்று அவள் சொல்வது கேட்டது. கார்க்கதவு திறந்தது. பெல்ட்டை இழுக்கிற சரசரப்பு. பிறகு க்ளிக்.

பெல்ட் மாட்டியிருக்கிறது, என்றது போன்.

இன்ஜின் உறுமியது. ஜாடிகளெல்லாம் அதிர்ந்தன. வண்டி கிளம்பியது, மெதுவாகத்தான் கிளம்பியது. தெருமுனைக்குக்கூடப் போகவில்லை, போனில் தொடர்பு அறுந்துவிட்டது. தெமிர்கான் அந்த வெறும் போன் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மஃரிப் தொழுகை முடிந்ததும் பெரியவர்கள் வந்தார்கள், முன்னால் ஹாஜி மிர்சா. "உன் பொண்ணு எங்க வீட்டுல இருக்கா. பத்திரமா இருக்கா."

தெமிர்கான் எழுந்து நின்று தன் பங்கைக் குறைவில்லாமல் செய்தார். "என்ன தைரியத்துல என் வீட்டுப் படியேறினீங்க? எனக்குத் தெரியாம என் பொண்ணையா?" குரல் ஓங்கியது, கேட்க நிஜமாகவே இருந்தது. வந்தவர்களுக்குத் திருப்தி.

ஹாஜி மிர்சா கோட்டுப் பையில் கைவிட்டார். சிவப்பு டேப் ஒட்டிய கருவி.

"பொண்ணு இதை உங்கிட்ட கொடுக்கச் சொன்னா. என்ன சாமானோ தெரியல. 'பக்கத்து சீட்டு பெல்ட் நல்லா வேலை செய்யுதுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க'ன்னா. கோபமா இருக்கற மனுஷன்கிட்ட சொல்ற சேதியாப்பா இது?"

தெமிர்கான் அதைக் கையில் வாங்கினார். முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். உதடு அடங்கவில்லை, கண் அடங்கவில்லை. சடாரென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அவருக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு," என்று சமையலறையிலிருந்து ஜாந்தினா சத்தமாகச் சொன்னாள். "யாரும் அவர் மூஞ்சியைப் பாக்காதீங்க."

பெரியவர்கள் அத்தனை பேரும் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள்.