தோளில் பூத்த உப்பு

பரமத்தி வேலூர் மயில்சாமியின் சட்டை, அவர் பாடிய பாட்டு எந்த ஊரில் ஒலித்தாலும், இடது தோளில் நனைந்துவிடும். மேச்சேரி டீக்கடையில் ரெக்கார்டு சுழன்றால் இங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ஆத்தூர்த் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் போட்டால் முழங்கை வரை சொட்டும். காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். 1977 பங்குனியில் தொடங்கிய இது, அந்த வருஷம் வெற்றிலை விலை ஏறியதைப் போலவே ஊருக்குப் பழகிப்போனது.

பாட்டை மயில்சாமியும் கூட்டாளி பாலசுந்தரமும் ஜோடியாகப் பாடியிருந்தார்கள். 'போவதென்றால் போய்விடு, எங்கள் வீட்டு உப்பை மட்டும் தந்துவிட்டுப் போ' என்பது பல்லவி. கேட்டவர்களெல்லாம், பாவம், யாரோ ஒருத்தி இந்த மனுஷனை ஏமாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். டீக்கடையில் கேட்காமலே ஒரு வடை வந்தது. மயில்சாமி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வடையைத் தின்றார். அதுதான் அவருக்குக் கடைசிவரை செரிக்கவில்லை.

நடந்தது வேறு, சாமி. 1974-ல் கொடிக்கால்காரர் சின்னண்ணன் மகள் அத்தாயிக்கும் மயில்சாமிக்கும் உப்புச் சர்க்கரை மாற்றினார்கள். உப்பும் சர்க்கரையும் கைமாறிவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மூன்றாம் மாதம் மயில்சாமி வெற்றிலைக் கொடிக்காலுக்கே போய், பட்டணத்தில் பாடப் போகிறேன், குடும்பம் தோதுப்படாது என்றார். அத்தாயி வெற்றிலை கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"போறதுன்னா போங்க. எங்கூட்டு உப்ப மட்டும் குடுத்துட்டுப் போங்க."

பட்டணம் அவரை ஒரே ஒரு ரெக்கார்டோடு திருப்பி அனுப்பியது. அதில் இருந்ததும் அவள் வார்த்தைதான். உப்பு மாற்றி நின்றுபோன பெண் என்று அத்தாயியைப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை.

1983 மாரியம்மன் நோம்பியில் வேலூரிலேயே கச்சேரி. பாலசுந்தரத்துக்கு விவரம் தெரியாது. மைக்கில் விளையாட்டாக, "எங்க மயிலண்ணன ஏமாத்துன அம்மணி கூட்டத்துல இருந்தா செத்த முன்னால வாங்க, சட்டையப் புழிஞ்சு உடோணும்" என்றார். கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அத்தாயி மடியில் கைவைத்து உட்கார்ந்திருப்பதை மயில்சாமி பார்த்தார். பாட்டு தொடங்கும் முன்பே சட்டை முழுதும் நனைந்து மேடைப் பலகையில் சொட்டியது.

"ஏமாத்துனது நானுங்க," என்றார். "பல்லவியும் என்னுதில்லீங்க. திருடுனதுங்க."

பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. தலைகள் தாமாக மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. அவளை இரண்டாம் தடவையும் சந்தியில் நிறுத்திவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை, இத்தனை வருஷம் கொட்ட மனமில்லாமல் சட்டைகளிலிருந்து சுரண்டிச் சேர்த்த உப்பைப் பானையோடு தூக்கிக்கொண்டு கொடிக்காலுக்குப் போனார். செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அத்தாயி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எங்கூட்டு உப்புதானுங்க. பாட்டு நிக்கிற வரைக்கும் கொண்டாங்க."

பாட்டு நிற்கவில்லை. கேசட் வந்தது, நாமக்கல் லாரிகள் அதை வடநாடு வரை கொண்டுபோயின. செவ்வாய்க்கிழமைதோறும் மயில்சாமி ஒரு பொட்டலத்தை வேலி ஓரம் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் திரும்பிவிடுவார். சின்னண்ணன் வீட்டில் அதன் பிறகு கடை உப்பு வாங்கியதில்லை. குழம்புக்கு ஒரு சிட்டிகை குறைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.