காத்தாயியை ஒப்படைக்கவும்

செவ்வாய்க்கிழமை காலை குமுதவல்லி எழுந்தபோது ஹாலில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் அளவுதான். புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பால் பாக்கெட்டை எடுத்து வந்தாள். கூடவே ஒரு நோட்டீஸும் கிடந்தது. அது நனையவில்லை.

‘விதி நான்கின்படி, ஓடக்காரி காத்தாயி என்னும் பாத்திரத்தை மூன்று நாளுக்குள் ஒப்படைக்கவும். ஒப்படைக்கும்வரை பாத்திரத்துக்கு உரிய ஆறு தங்கள் பொறுப்பில் வைக்கப்படுகிறது. மீன்களுக்கு அலுவலகம் பொறுப்பல்ல.’

குமுதவல்லி இரண்டு தரம் படித்தாள். காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. அவளும் பொங்கினாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கரூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் வேலை. பகலெல்லாம் மற்றவர்களை எழுத்துப் படிக்கச் சொல்வாள். மிச்ச நேரத்தில் காத்தாயியாக இருப்பாள்.

வைரப்பெருமாள் என்ற எழுத்தாளர் வாரப் பத்திரிகை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ‘ஏழுதுறை’ என்று ஒரு தொடர் எழுதிவந்தார். ஆறு, அரண்மனை, ஏழு படித்துறைகள். அதன் வாசகர்கள் இணையத்தில் கூடி ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை உண்டாக்கி, அந்தப் பாத்திரமாகவே எழுதிக்கொள்வார்கள். வைரப்பெருமாள் அதற்கு அனுமதி கொடுத்திருந்தார். அனுமதியோடு விதிகளும் கொடுத்திருந்தார்.

ராஜகுடும்பத்தில் யாரும் பிறக்கக்கூடாது. அனுமதி இல்லாமல் யாரும் சாகக்கூடாது. தொடரில் வரும் எவரையும் யாரும் ஆடக்கூடாது. அவர்கள் ஆசிரியருக்கு உரியவர்கள். இது நான்காவது விதி.

ஐந்தாவது விதிதான் எல்லாரையும் படுத்தியது. ஆடுகிறவர் தன் சொந்தப் பேச்சை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். குக்கர் விசில் அடிக்கிறது, இதோ வருகிறேன் என்பதெல்லாம் குறிக்குள் வரவேண்டும். குறி இல்லாமல் எழுதியது நாட்டில் நடந்ததாகக் கொள்ளப்படும். திரும்பப் பெற முடியாது. ஒருமுறை கோட்டைச் சிப்பாய் ஒருவர் குறி போட மறந்து ‘கரண்ட் போச்சு’ என்று எழுதிவிட்டார். அன்று முதல் ஏழுதுறை நாட்டில் மின்சாரம் உண்டு. போய்விட்ட மின்சாரம்.

காத்தாயியைக் குமுதவல்லி உண்டாக்கி ஒன்பது வருடம் ஆகிறது. மூன்றாம் துறையில் ஓடம் விடுகிறவள். வலது காதில் பாதி இல்லை, முதலை கடித்தது. சேனாபதியானாலும் வரிசையில் நின்றுதான் ஏற வேண்டும் என்பாள். பஸ்ஸில், கடையில், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த பதினேழு நாளில் வராந்தா பெஞ்சில், எங்கே உட்கார்ந்தாலும் குமுதவல்லி காத்தாயியை எழுதினாள். எவரிடமும் வாய் திறக்காத குமுதவல்லிக்கு வாய் இருந்த இடம் அது ஒன்றுதான்.

போன வாரம், தொடரின் ஆயிரத்து நூற்று நாலாவது அத்தியாயத்தில், காத்தாயி என்ற ஓடக்காரி வந்தாள். இளவரசனை ஏற்றிக்கொண்டு போனாள். அவளுக்குப் பாதிக் காது இல்லை. அத்தியாயத்தின் அடியில், அடுத்த வாரம் ஓடக்காரி ஆற்றோடு போவாள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

எடுத்ததும் அவர். இப்போது ஒப்படைக்கச் சொல்வதும் அவர்.

குமுதவல்லி கம்மலை மாட்டினாள். வலது காதில் இடம் குறைவாக இருந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் திருச்சி பஸ் ஏறினாள். ஆறும் ஏறியது.

“அக்கா, ஆத்தை மடியில வெச்சுக்கங்க. நடக்கிற வழியில விடாதீங்க” என்றார் கண்டக்டர்.

அவள் மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட் பெரியவர் முறுக்கு தின்றுவிட்டு அதில் கை கழுவினார்.

விதிகள் அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. நீளமான வராந்தா. நடுவில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் எழுத்தர் கனகசபை. அவர் தலைக்கு மேலே ஒரு பலகை: ‘சொந்தப் பேச்சு பேசுவோர் இரட்டை அடைப்புக்குறிக்குள் பேசவும்.’

குமுதவல்லி இரண்டு உள்ளங்கைகளையும் வளைத்து முகத்தின் இருபுறமும் வைத்துக்கொண்டாள். கனகசபை தலையாட்டி மறுத்தார்.

“அது ஒத்தைக் குறி. வெளிக்குறிக்கு ஆள் கூட்டிட்டு வரணும். அலுவலகம் பேசறது விதி. அதுக்குக் குறி வேண்டாம். உங்களுக்கு வேணும்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் விசில் தொங்கியது. குமுதவல்லியின் பின்னால் நின்று, அவள் கைகளுக்கு வெளியே தன் கைகளை வளைத்து வைத்தார்.

“ரொம்ப நன்றிங்க. நீங்க யாருங்க?” என்றாள் அவள்.

இப்போது அவள் திரும்பி அவருக்கு வெளிக்குறி பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தாள்.

“இசக்கிமுத்து. பாளையங்கோட்டையில டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆயாச்சு. மூணாந்துறை முதலை நாந்தான். முதலையப் பதிஞ்சுக்கச் சொல்லி ரெண்டு வருஷமா இதே பெஞ்சுலதான்.” கொஞ்சம் தயங்கினார். “காது எப்படி இருக்கு தாயி?”

“பழகிப்போச்சுங்க.”

ஒன்பது வருடமாக அவர் அந்த ஆற்றில் இருந்தார். எழுதியதெல்லாம் இரண்டே வாக்கியம். ‘வாயைத் திறந்தது.’ ‘வாயை மூடியது.’ ஒரே ஒருமுறை மட்டும், அவள் கேட்டுக்கொண்டதால், ‘கடித்தது’ என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் எழுதவில்லை.

கனகசபை மேஜையைத் தட்டினார். “பாத்திரத்தைக் கொண்டுவந்திருக்கீங்களா?”

இசக்கிமுத்து மறுபடி கைகளை வைத்தார். “ஒப்படைக்க வரலீங்க. நியாயம் கேக்க வந்தேன்” என்றாள் குமுதவல்லி.

“கேளுங்க. ஆனா ஒவ்வொரு கேள்விக்கும் மேஜை ஒரு கஜம் பின்னாடி போகும். யோசிச்சுக் கேளுங்க.”

“அதெதுக்குங்க?”

மேஜை ஒரு கஜம் பின்னால் போனது. அவளுக்கும் மேஜைக்கும் நடுவில் வராந்தா அந்த அளவுக்கு நீண்டது.

“அதுக்குத்தான் சொன்னேன்” என்றார் கனகசபை, கொஞ்சம் தள்ளி.

“அவரு எழுதறதுக்கு முன்னாடியே காத்தாயி இருந்தாள்னு காட்ட ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?”

ஒரு கஜம். “இருக்கு. இருப்புச் சான்றுப் படிவம். ரெண்டு சாட்சிக் கையெழுத்து வேணும். சாட்சிங்க தொடர்ல வர்றவங்களா இருக்கணும்.”

“தொடர்ல வர்றவிங்களத்தான் யாரும் ஆடக்கூடாதே! அப்புறம் யாருங்க வந்து கையெழுத்துப் போடுறது?”

ஒரு கஜம். “இதுவரைக்கும் யாரும் போட்டதில்லை. அதனாலதான் படிவம் தட்டுப்பாடில்லாம கிடைக்குது.”

குமுதவல்லியின் காதுமடல் சூடேறியது. இருந்தவரைக்கும்.

“இவரு ரெண்டு வருஷமா இதே பெஞ்சுல உக்காந்திருக்காருங்களே, முதலைக்கு என்ன குறைச்சல்?”

“பல்லோட எண்ணிக்கை தரலை” என்றார் கனகசபை தூரத்திலிருந்து.

ஆறு முழங்காலுக்கு ஏறியிருந்தது. எங்கோ யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. வராந்தாவின் கடைசியைப் பார்த்தாள். அங்கே ஒரு கதவு. கதவில் கடுகளவு எழுத்து. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கண் சோதிக்கிறவள். ‘ஆசிரியர் எழுதுகிறார். தொந்தரவு செய்யாதீர்.’ கனகசபையின் முதுகுக்கு நேர் பின்னால்.

உடனே கேட்க ஆரம்பித்தாள்.

“மணி என்னங்க?”

“பதினொண்ணே கால்.” ஒரு கஜம்.

“சாப்ட்டீங்களா? உங்களுக்கு எத்தனை குழந்தைங்க? பெரியவ என்ன படிக்கிறா? இந்தச் சட்டை எங்க தெச்சீங்க? உங்களுக்குக் கிட்டப்பார்வையா, தூரப்பார்வையா?”

கனகசபையால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதுவும் ஒரு விதி. “ரெண்டு பொண்ணு... பி.காம்... தில்லைநகர்ல... கிட்டப்பார்வை, என்ன பவர்னு மறந்துட்டேன்...” மேஜை போய்க்கொண்டே இருந்தது. குமுதவல்லி நடந்தாள். இசக்கிமுத்து கைகளை எடுக்காமல் பின்னால் நடந்தார். ஆறு இருவருக்கும் பின்னால் வந்தது.

நாற்பத்தோராவது கேள்வி: “இதோட சரிங்களா?”

மேஜை கதவில் மோதியது. கதவு திறந்துகொண்டது.

வைரப்பெருமாள் சின்ன உருவம். தேக்கில் கடைந்த இரண்டு ஜோடி வளைந்த சட்டங்களை மேஜைமேல் நிறுத்தி, அவற்றின் நடுவில் தலையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குக் கைகள் எழுத வேண்டும்.

தாளில் கடைசி வரி தெரிந்தது. ‘காத்தாயி கால் வழுக்கி’

குமுதவல்லிக்குக் கால் வழுக்கியது. இசக்கிமுத்து ஒரு கையால் அவளைத் தாங்கினார். மறு கை அடைப்புக்குறியாகவே இருந்தது.

“யாரும்மா நீ? வியாழக்கிழமை அத்தியாயம். ரெண்டு மணிக்குத் தரணும்.”

“காத்தாயிய உண்டாக்கினவ நானுங்க.”

“நான் எழுதறதுக்கு முன்னாடி இந்த நாட்டுல யாரும் கிடையாது.”

“ஒன்பது வருஷமா ஓடம் விட்டிருக்கிறேனுங்க! எழுதினதெல்லாம் அப்படியே இருக்குது. நீங்க படிச்சுப் பாத்துத்தானே எடுத்தீங்க?”

“வாசகர்கள் எழுதறதை நான் படிக்கறதில்லை. விதி ஒம்போது.”

“அப்பப் பாதிக் காது எங்கிருந்து வந்துச்சு?”

“தோணிச்சு.”

“தோணினதுதான் தோணிச்சு, ஒழுங்காத் தோணக்கூடாதா? இடது காதுன்னு எழுதியிருக்கீங்க! கடிச்சது வலது. கடிச்சவரு இங்க நிக்கிறாரு, கேளுங்க!”

இசக்கிமுத்து வெட்கத்தோடு தலையாட்டினார்.

“அப்புறம் மூணாந்துறையில துடுப்புப் போட வெச்சிருக்கீங்க. அங்க கழி ஊன்றதுதானுங்க. தண்ணியில ஒரு தரம் காலை வெச்சிருந்தாத் தெரியும். இளவரசன் வந்ததும் எந்திரிச்சுக் கும்பிட்டாளாம்! என்ற காத்தாயி கும்பிட மாட்டா. வரிசையில நில்லுன்னு சொல்லியிருப்பா. பேரைத் தூக்கினீங்க, காதைத் தூக்கினீங்க, ஆளை விட்டுட்டுப் போட்டீங்க. இப்ப அவளைக் கொல்லப் போறீங்க. கொல்றதுக்காச்சும் அவளை யாருன்னு தெரிய வேண்டாமுங்களா?”

வைரப்பெருமாள் முகம் கறுத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் கழி, துடுப்பு என்று பேசியதில்லை. பேனாவை வீசினார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். தலை தேக்குச் சட்டங்களுக்கு மேலே ஒரு முழம் போய்விட்டது.

“காத்தாயியாவது மண்ணாங்கட்டியாவது! அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியவே தெரியாது! உன் ஓடத்தை எடுத்துக்கிட்டு நீயே போய்ச் சேரு!”

கனகசபை எட்டிப் பார்த்தார். முதலில் ஆசிரியரின் தலையை. பிறகு சட்டங்களை. நடுவில் இருந்த இடைவெளியை ஸ்கேலால் அளந்தார்.

“ஐயா, குறிக்கு வெளியே பேசிட்டீங்க.”

“அதனால என்ன? நான் ஆசிரியர்!”

“விதிகளோட கடைசியில ஒரு வரி இருக்குதுங்க” என்றாள் குமுதவல்லி. “யாரும் படிக்காத பொடி எழுத்து. நான் படிச்சேன். ‘இவ்விதிகள் எவருக்கும் பொருந்தும்.’ கீழ உங்க கையெழுத்து.”

கனகசபை பதிவேட்டைப் பிரித்து, ஆசிரியர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி, முத்திரை குத்தினார். ஆசிரியருக்குக் காத்தாயியைத் தெரியாது. ஆகவே காத்தாயி தொடரில் வரவில்லை. ஆகவே விதி நான்கு அவளைத் தொடாது. தாளில் ‘காத்தாயி’ என்ற சொல் இருந்த இடம் வெளுத்தது. ‘கால் வழுக்கி’ மட்டும் யாருடையது என்று தெரியாமல் நின்றது. ஆயிரத்து நூற்று நாலாவது அத்தியாயத்தில் இளவரசன் நடு ஆற்றில், ஓடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

வராந்தாவில் ஓடம் ஒன்று வந்து மேஜையில் லேசாக இடித்தது. அதில் கழி இருந்தது. துடுப்பு இல்லை.

“இன்னொண்ணு” என்றார் கனகசபை. “குறிக்கு வெளியே பேசினதால நீங்களும் நாட்டுக்குள்ள வந்துட்டீங்க ஐயா. நாட்டுக்குள்ள வந்து பேசின ஆசிரியர், தொடர்ல வர்ற பாத்திரம். தொடர்ல வர்றவங்களை யாரும் ஆடக்கூடாது.”

“நான்தானே நான்?”

“யாரும்னா யாரும். மூணு நாளுக்குள்ள உங்களை ஒப்படைச்சிடுங்க.”

வைரப்பெருமாள் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தண்ணீர் பெஞ்சுக்கு ஏறியது. எழுந்து நின்றார். அது அவர் இடுப்புக்கும் ஏறியது. குமுதவல்லி ஓடத்தில் ஏறிக் கழியைப் பிடித்தாள். அது ஒன்பது வருடமாகப் பிடித்த கழி மாதிரியே இருந்தது.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தருகே வளைத்தார். வெளிக்குறிக்கு ஆள் தேடினார். கனகசபையின் கையில் முத்திரை இருந்தது. அவள் கையில் கழி இருந்தது. இசக்கிமுத்து தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்னை மாடிப்படி வரைக்கும் கொண்டுபோய் விட்டுடேன்மா” என்றார், ஒற்றைக் குறிக்குள்.

காத்தாயி ஈரத் தலைமுடியை அவிழ்த்து இரண்டு காதுகளையும் மூடினாள்.

“வரிசையில ஆளில்ல. ஏத்திக்கலாம்” என்றாள். “எந்தக் காது?”

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். சற்று முன்னால்தான் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அவர் வாசகர்கள் சொல்வதைக் கேட்டுப் பழகாதவர்.

“இடது” என்றார்.

காத்தாயி கழியை ஊன்றித் தள்ளினாள். ஓடம் வராந்தாவின் நடுவுக்குப் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இசக்கிமுத்து கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கினார். அவருக்குக் குறி எதுவும் தேவைப்படவில்லை.

“வாயைத் திறந்தது” என்றார்.