கதவில் ஒட்டிய நீல எழுத்து

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊர் நூலகத்தின் மாடியறையில் இருந்தவர்கள்: ஹிலாரி மாக்ஸன், பயிற்சி நடத்துபவள். டெஸ்மண்ட், வங்கியில் ஓய்வு பெற்றவர். பிலிப்பா, நர்ஸ் வேலையை விட்டவள். ஷப்னம், மருந்துக்கடையில் நிற்பவள். கார்த், மீன் ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவன்.

கார்த்தின் பெயர் ஹிலாரியின் பட்டியலில் இல்லை. வாசலில் தயங்கி நின்றவனைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே இழுத்து, டீயைக் கொடுத்து, சட்டையில் பெயர்ச்சீட்டும் ஒட்டிவிட்டாள். வருகைத் தாளில் பெயரையும் அவளே எழுதினாள். "என் கையெழுத்து நண்டு ஊர்ற மாதிரி இருக்கும்மா, நீங்களே போட்டுருங்க" என்றான் அவன்.

அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அந்த அறையில்தான் வகுப்பு. சொல்லிக்கொடுக்க நான்கு பேராவது சேரவில்லையென்றால் ஈஸ்டரோடு மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள்.

"நாலு பேர் ஆயிட்டீங்க! மூட முடியாது இனிமே" என்று அறிவித்தாள். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

பயிற்சி, காகிதப் படகு. ஒருவருக்குச் செய்முறையை வாயால் சொல்வாள். ஒருவருக்குப் படம். ஒருவருக்கு எழுதிய தாள். ஒருவருக்குச் செய்து முடித்த படகு. அதைப் பிரித்துப் பார்த்து மடிக்க வேண்டும். யாருக்கு எந்த வழியில் ஏறுகிறது, எந்த வழியில் ஏறவே மாட்டேன் என்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களே பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினோரு வருடமாக இதையேதான் நடத்துகிறாள்.

முதல் சுற்றில் கார்த்துக்குப் படகு வந்தது. பிரித்தான், ஒருமுறை பார்த்தான், மடித்தான். டெஸ்மண்ட் படத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அது படகா, தொப்பியா?" என்றாள் ஷப்னம்.

"மூழ்கின படகு" என்றார் அவர்.

கார்த் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். வேறொரு தாளில் ஒரு மடிப்பு மடித்துவிட்டுக் காத்திருந்தான். அவர் மடித்ததும் அடுத்தது. சற்று நேரத்தில் அவர் கையிலும் படகு இருந்தது. இப்படி ஒரு ஆள் ஹிலாரிக்கு இதுவரை கிடைத்ததில்லை.

இரண்டாம் சுற்றில் எழுதிய தாள் கார்த்திடம் வந்தது. பார்த்தான். மேசையில் வைத்தான். சட்டைப்பையைத் தடவினான்.

"கண்ணாடிய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."

டெஸ்மண்ட் சிரித்துவிட்டார். "யோவ், இந்தம்மா குடுத்த குறிப்புல மொத வரியே அதான்யா! படிக்கத் தெரியாதவன் சொல்ற மொத பொய்யி!"

மற்றவர்களும் சிரித்தார்கள். கார்த்தும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி. ஹிலாரி சிரிக்கவில்லை. அந்த வரியை எழுதியவள் அவள்.

ஏழரைக்கு மற்றவர்கள் சொல்லிக்கொடுக்கச் சேரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கார்த் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்க படிக்கிறதுக்குச் சேர வந்தீங்களா?" என்று கேட்டாள் ஹிலாரி.

"செவ்வாய்க்கிழமை சேக்குறாங்கன்னு ஆலையில ஒருத்தன் சொன்னான். வந்தா டீ குடுக்குறீங்க, கை தட்டுறீங்க. அப்புறம் எப்படி வாயத் தொறக்குறது?"

"அத வியாழனுக்கு மாத்திட்டோமே. கீழ கதவுல எழுதி..." நிறுத்திக்கொண்டாள்.

"நீலமா ஏதோ ஒட்டியிருந்துச்சு. பாத்தேன்."

படிக்கத் தெரியாதவர்களுக்கான அறிவிப்பு. பெரிய எழுத்தில், அவளே எழுதியது.

"வியாழக்கிழமை வாங்க கார்த். நானே சொல்லித் தர்றேன்."

"அப்ப சொல்லிக்குடுக்க மூணு பேர்தானே இருக்காங்க. நாலு இல்லன்னா மூடிருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? ஈஸ்டருக்குள்ள எத்தன எழுத்தும்மா வரும் எனக்கு?"

அவன் சட்டையிலிருந்து சீட்டை உரித்து மேசை விளிம்பில் ஒட்டினான். "ஷிப்டுக்கு நேரமாச்சு."

முதல்முறை வந்து சேரப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இருபது வருடம் பிடிக்கும், திரும்பிப் போனவர்கள் மறுபடி வர மாட்டார்கள். அதுவும் அவளுடைய குறிப்பில் இருந்தது, நான்காம் பக்கத்தில்.

வாசல்வரை கூடவே இறங்கினாள். அவன் கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போனான், அந்தத் தாளைப் பார்க்காமல். உள்ளிருந்து பார்க்க, தாளின் பின்பக்கத்தில் நீலம் கசிந்து தெரிந்தது, எழுத்தென்று எதுவும் பிடிபடவில்லை. அவன் தெருவைக் கடக்கும் வரை நின்றாள். பிறகு கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.