மூன்றாம் வண்டியின் குரல்

"மூணு பிரேக் போடுது. மெதுவா."

வேனின் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டி சொன்னது. சொன்ன குரல் லைட்டம்மாவின் புருஷனுடையது. கட்டிய நாள் முதல் கேட்டுப் பழகிய குரல் என்பதால் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மூன்றாம் நம்பர் வண்டியை இப்போதுதான் பட்டறை வாசலில் பார்த்துவிட்டு வருகிறாள். பானெட் திறந்து கிடந்தது, பேட்டரி கழன்று மேசை மேல் உட்கார்ந்திருந்தது. பேட்டரி இல்லாத கார் எங்கே போய் பிரேக் போடும்?

"மூணு நிக்குது. இடைவெளி விடுங்க."

"எங்கே நிக்குதாம்? காட்டுங்க பார்ப்போம்," என்றாள் பெட்டியிடம்.

சிக்னலில் முன்னால் ஒரு லாரி, ஒரு பஸ், கூட்டமாகக் கார்கள், இடுக்கில் மோட்டார் சைக்கிள்கள். பக்கத்தில் பெரிய கம்பெனியின் நீளமான மதில். நாட்டில் பாதி வண்டிகளுக்குப் பின்பக்க லைட் செய்து தருகிற கம்பெனி அது. இந்த இடத்தில், இந்த மதிலுக்குப் பக்கத்தில், தன் பெட்டியிடம், இங்கே இல்லாத வண்டி ஒன்று பேசுகிறது என்றதும் லைட்டம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது.

காரணம் இருந்தது. அவள் பட்டறையிலும் பிரேக் லைட்தான் செய்கிறார்கள். சின்னப் பட்டறை, பத்துப் பேர் வேலை. அதில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தவள் நாத்தனார், புருஷனின் தங்கை. சிறு வயதில் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்ததால் அவளுக்கு வீட்டில் சில்வண்டு என்று பெயர். படித்து முடித்து வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. லைட்டுக்குள்ளேயே ஒரு சின்ன ரேடியோ போர்டை அவள் வைத்தாள். பிரேக்கை மிதித்தால் லைட் எரிவதோடு, பின்னால் வரும் வண்டிகளிடம் போர்டு செய்தியும் சொல்லும். நடுவில் லாரி மறைத்தாலும் சரி, பனி மூடினாலும் சரி, பின்வண்டியின் பெட்டி அதைக் கேட்டு வாய்விட்டுச் சொல்லிவிடும்.

"பதட்டப்படாத குரலா இருக்கணும் அண்ணி. நம்ம அண்ணன் குரல்தான் சரி. பக்கத்துல ஓட்டறவன் மரத்துல கொண்டுபோய் ஏத்தினாக்கூட மெதுவான்னுதான் சொல்லுவார்."

உண்மைதான். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அப்படி அவர் குரலைப் பதிந்தார்கள். லைட்டம்மாவின் வேனுக்கு நம்பர் ஒன்று, மாஸ்டரின் ஸ்கூல் காருக்கு இரண்டு, சில்வண்டின் டப்பா காருக்கு மூன்று. உலகத்திலேயே அவ்வளவுதான். காப்புரிமைக்கு விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தது. காப்புரிமை ஏஜெண்ட் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: "தாக்கல் பண்ற வரைக்கும் வெளியில போயிடக் கூடாதும்மா. போச்சுன்னா உங்க உரிமையே கேள்விக்குறி."

இப்போது போயிருக்கிறது. மூன்றாம் நம்பரோடு, மாஸ்டர் குரலை எழுப்புகிற அதே போர்டோடு போயிருக்கிறது. அந்த போர்டைச் செய்யத் தெரிந்த கை உலகத்தில் ஒரே ஒரு கைதான்.

மத்தியானம் சாப்பாட்டின்போது புருஷனிடம் மெல்ல இழுத்தாள்.

"என்னங்க, உங்க தங்கச்சி இப்பல்லாம் மத்தியானம் எங்கே போறா?"

"எங்கே போறா?"

"அதைத்தானே உங்களைக் கேக்கறேன்."

"போனா வரட்டும். அவ என்ன கைக்குழந்தையா?"

"இஸ்திரி போட்ட சட்டை போட்டுட்டுப் போறா. பட்டறைக்கு என்னைக்காவது இஸ்திரி போட்டு வந்திருக்காளா? போன் வந்தா எழுந்து வெளியில போறா."

"நல்லதுதானே. கல்யாணப் பேச்சா இருக்கும்."

"அவ மூஞ்சில கல்யாணக் களையா தெரியுது? திருட்டுக் களை தெரியுது."

மாஸ்டர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "மெதுவா," என்றார். பெட்டி சொன்ன மாதிரியே இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் சில்வண்டு வந்து, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி பேட்டரியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். இஸ்திரிச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை.

"வெயில்ல எங்கே சுத்திட்டு வர்றே?"

"ஒரு வேலையா போனேன் அண்ணி."

"பெரிய கம்பெனி பக்கமா?"

ஸ்பேனர் ஒரு நொடி நின்றது. ஒரே ஒரு நொடி. "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். அந்தப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்னு கேள்விப்பட்டேன்."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றாள் சில்வண்டு. தோண்டாத ரோடு அது. அந்த ரோட்டில் போகாதவளாக இருந்தால், எந்தப் பக்கம் தோண்டியிருக்கிறான் என்று திருப்பிக் கேட்டிருக்க மாட்டாளா? லைட்டம்மா அதைத் தராசில் போட்டுப் பார்த்தாள். நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் உஷாராகிவிடுவாள், தடயத்தை அழித்துவிடுவாள். அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் காலை ஏஜெண்டுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு பேர் பேரும் போட்டு எழுதியிருக்கீங்கல்ல, அதுல என் நாத்தனார் பேரை எடுத்துடுங்க."

"எடுக்கறதா? கண்டுபிடிச்சது அவங்கன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப எடுக்கச் சொல்றேன். லைட் என்னுது, பட்டறை என்னுது."

"அது அப்படி இல்லைம்மா, சட்டத்துல..."

"நான் நேர்ல வந்து பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.  சில்வண்டு பாவாடை கட்டிய காலத்திலிருந்து தூக்கி வளர்த்தவள் இவள். அந்த நினைப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேனை எடுத்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், அப்புறம் யாரும் கேள்வி கேட்க முடியாது.

சிக்னலுக்குக் கொஞ்சம் தள்ளி நிழலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். கம்பெனி வாசலிலிருந்து வெளியே வந்த ஒவ்வொரு காரும் அவளுக்குச் சந்தேகக் கார்தான். கறுப்புக் கார் ஒன்று பளபளவென்று வந்தது. இதுதான் என்று நினைத்தாள். பெட்டி வாயே திறக்கவில்லை. கறுப்புக் கார் போய் மறைந்த பிறகு, சாவகாசமாகச் சொன்னது: "மூணு பிரேக் போடுது. மெதுவா."

முன்னால் இருந்தது ரொட்டி வேன். ஆடிக்கொண்டே போகிற, பின்கதவில் ரொட்டிப் படம் போட்ட பழைய வேன்.

லைட்டம்மா நம்பவில்லை. பின்னாலேயே போனாள். ரொட்டி வேன் ஒரு கடை முன்னால் நின்றது. "மூணு நிக்குது." அடுத்த சந்தில் திரும்பியது. "மூணு பிரேக் போடுது." பூனை குறுக்கே போனது. "மூணு பிரேக் போடுது. மெதுவா." தெருத்தெருவாக, கடைகடையாக, மாஸ்டர் குரல் அவளைக் கூட்டிக்கொண்டு போனது. பெரிய கம்பெனி ரொம்பத் தந்திரக்காரக் கம்பெனி, யாரும் சந்தேகப்படாத வண்டியில் பொருத்தி ஓட்டிப் பார்க்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

மூலைக்கடையில் ரொட்டிக்காரர் தட்டை இறக்கும்போது அவள் போய் எதிரில் நின்றாள்.

"இந்த வண்டியில இந்த லைட்டை யார் போட்டுக் குடுத்தாங்க?"

ரொட்டிக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரும்மா? இன்ஸ்பெக்டரா?"

"யாரா இருந்தா என்ன? கம்பெனியில எவ்வளவு நாளா ஓட்டச் சொல்லியிருக்காங்க?"

"எந்தக் கம்பெனி? நான் ரொட்டி போடறவன். காலையிலேருந்து நீங்க என் பின்னாலேயே வர்றதை நானும் கண்ணாடியில பார்த்துட்டுத்தான் வர்றேன். ரொட்டி வேணும்னா வாயைத் திறந்து கேக்கணும்."

"லைட்டைச் சொல்லுங்க."

"பழசு உடைஞ்சு போச்சு. ஸ்பேர் கடையில வாங்கி மாட்டினேன். மாட்டினதிலேருந்து சனியன், பேட்டரி பாதி நாள்லயே இறங்கிடுது. ஒரு பிரேக் லைட் இவ்வளவு கரண்டு குடிக்குமா? நீங்களே சொல்லுங்க."

குடிக்கும். உள்ளே ஒன்று உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் குடிக்கும். ரொட்டி வேனுக்கு வாய் மட்டும்தான் உண்டு, காது கிடையாது. தான் பேசுவது அதற்கே தெரியாது.

லைட்டம்மா குனிந்து லைட்டைப் பார்த்தாள். சிவப்புக் கண்ணாடியின் ஓரத்தில், மாட்டினால் சட்டென்று தெரியாத இடத்தில், நகம் அளவுக்கு ஒரு பெருக்கல் குறி. ஆணியால் கீறியது. ஒரு கோடு நீளம், ஒரு கோடு குட்டை. லைட்டம்மா கீறினால் எப்போதும் அப்படித்தான் விழும்.

பட்டறையில் கண்ணாடி கீறல் விழுந்த லைட், ஒட்டு சரியில்லாத லைட் எல்லாவற்றிலும் அவள் கையால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கழிசல் கூடையில் எறிவாள். சில்வண்டு சோதனைக்கென்று கேட்டபோதும் அந்தக் கூடையைத்தான் காட்டியிருந்தாள். "நல்ல லைட்டைத் தொடாதே. கழிசல்லேருந்து எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ." சில்வண்டும் அப்படித்தான் எடுத்தாள். அப்புறம் அந்தக் கூடை என்ன ஆகும் என்று கேட்டபோது, "உடைச்சுடுவேன்" என்றிருந்தாள் லைட்டம்மா. உடைக்கவில்லை. ஸ்பேர் கடைக்காரர் வருகிற அன்றைக்கு, நாத்தனார் இல்லாத நேரமாகப் பார்த்து, மூட்டை கட்டி அனுப்பிவிடுவாள்.

"என்னம்மா, லைட்டைப் பார்த்துட்டு அப்படியே நிக்கறீங்க?"

"உங்களுக்கு நல்ல லைட்டா ஒண்ணு போட்டுத் தர்றேன். காசு வேண்டாம். பேட்டரி இறங்காது. இதைக் கழட்டிக்குடுத்துடுங்க."

இப்போது ரொட்டிக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சும்மா எதுக்குத் தருவீங்க? இதுக்குள்ள அப்படி என்ன இருக்கு?"

வேனில் இருந்த புது லைட்டைக் கண்ணில் காட்டிய பிறகுதான் அவர் திருப்புளியை எடுத்தார். கழற்றும்போதும் ஒரு கண் அவள் மேலேயே இருந்தது.

லைட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தால், சில்வண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். ஸ்டூல் பக்கத்தில் இருந்தும் உட்காரவில்லை.

"ஏஜெண்ட் போன் பண்ணினார் அண்ணி. என் பேரை எடுக்கறதுக்கு எனக்குச் சம்மதமான்னு கேட்டார்."

லைட்டம்மா முந்தானையைப் பிரித்து லைட்டை மேசைமேல் வைத்தாள். சில்வண்டு அதைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டைக் கத்தியால் நெம்பினாள். உள்ளே பச்சை போர்டு.

"இது நான் முதல்ல பண்ணின மூணாச்சே. தூரம் சரியா எட்டலை. காலையில வந்து பிரிச்சுக்கலாம்னு கூடை மேலயே வச்சேன். வந்து பார்த்தா கூடையே காலி. சரி, நீங்க உடைச்சுட்டீங்கன்னு நினைச்சு, புது போர்டுக்கும் மூணுன்னே நம்பரைப் போட்டுட்டேன்." அவள் நிமிர்ந்தாள். "உடைக்கலையா?"

"ரொட்டி வேன்ல இருந்துச்சு."

"ரொட்டி வேனுக்கு எப்படிப் போச்சு?"

 சில்வண்டு பெருக்கல் குறியைக் கட்டை விரலால் தடவினாள். பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

"விக்கறீங்க."

"கொஞ்சம்தான்."

"ஒட்டு சரியில்லாத லைட்டு. மழை பெஞ்சா தண்ணி இறங்கும். அதை ரோட்டுக்கு அனுப்பிட்டு, நான் வித்துட்டேன்னு என் பேரை எடுக்கச் சொன்னீங்களா?"

"நீ கம்பெனிக்குப் போனியே. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்."

"போனேன். வேலைக்குக் கூப்பிட்டாங்க. பேசப் போனேன். பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை."

"என்கிட்ட ஏன் மறைச்சே?"

"இன்னும் முடிவு பண்ணலை. முடிவு பண்ணாததை எப்படிச் சொல்றது? சொன்னா இந்த மாதிரிதான் பார்ப்பீங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இந்தப் பார்வையில் இரண்டு பக்கமும் சமமாகவே முள் இருந்தது.

ஏஜெண்ட் அலுவலகத்துக்கு இரண்டு வண்டியில்தான் போனார்கள். ஒரே வண்டியில் போகலாமே என்று யாரும் சொல்லவில்லை. ஏஜெண்ட் கதை முழுக்கக் கேட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, மறுபடி போட்டார்.

"வித்தது வித்ததுதான். ஆனா உள்ளே இருக்கறது வித்தவங்களுக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. திறந்து பார்த்தவங்களும் யாரும் இல்லை. வாதாட இடம் இருக்கு. தாமதிக்காம இன்னைக்கே தாக்கல் பண்ணிடலாம். யார் யார் பேரு?"

"ரெண்டு பேரும்," என்றாள் லைட்டம்மா.

"முதல்ல என் பேரு," என்றாள் சில்வண்டு. "அப்புறம் கழிசலை என் கண்ணு முன்னாடி உடைக்கணும். ஒவ்வொண்ணையும்."

"உடைக்கறேன்."

"நீங்க சொன்னா நம்பமாட்டேன். நானே வந்து நின்னு பார்ப்பேன்."

லைட்டம்மா நாத்தனார் பெயருக்குக் கீழே தன் பெயர் இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது டப்பா கார் முன்னால் போயிற்று. வேன் பின்னால். மதில் ஓரச் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"மூணு நிக்குது. இடைவெளி விடுங்க."

இந்த முறை மூன்று நிஜமாகவே நின்றிருந்தது. இடது பக்கம் போனால் பெரிய கம்பெனி வாசல். வலது பக்கம் போனால் பட்டறை. சில்வண்டு இண்டிகேட்டர் போடவில்லை. என்றைக்குமே போட்டதில்லை. அண்ணன் தலைப்பாடாய் அடித்துக்கொண்டும் பழகாத பழக்கம் அது. நிற்கிறாள் என்று சொல்லத் தெரிந்த பெட்டிக்கு, எந்தப் பக்கம் திரும்புவாள் என்று சொல்லத் தெரியாது. அப்படி ஒன்றை அதற்குள் யாரும் வைக்கவில்லை.

லைட்டம்மா பெட்டியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், முன் கண்ணாடி வழியே தெரிந்த நாத்தனாரின் பின்தலையைப் பார்த்தாள். சிக்னல் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

டப்பா கார் வலது பக்கம் திரும்பியது. திரும்பி முடித்த பிறகு, ரொம்ப நிதானமாக, வலது இண்டிகேட்டர் மினுக்கியது.